எண்களைப் படித்துச் சொன்னவளுக்கு

அன்புள்ள வசந்தா,

நம் ஆய்வகத்துப் பழைய மினி கம்ப்யூட்டரை நாளை கழற்றுகிறார்கள். அடையாறில் காலையிலிருந்து மழை.

முன்பலகையில் பன்னிரண்டு சுவிட்சுகள். அதற்குப் போடும் எண்களில் சைபர் முதல் ஏழு வரைதான் உண்டு. காலையில் வந்ததும் நீ சீட்டைப் பார்த்து எண்களைப் படிப்பாய், நான் சுவிட்சுகளை ஏற்றி இறக்குவேன். அந்தச் சிறு நிரலைக் கையால் ஊட்டினால்தான் துளையிட்ட காகித நாடாவில் இருக்கும் மற்ற நிரல்களைப் படிக்க இயந்திரத்துக்குத் தெரியும்.

"ஆறு, சைபர், மூணு, ஒண்ணு. போட்டாச்சா அக்கா? எட்டும் ஒன்பதும் தெரியாத மெஷினுக்கு ரெண்டு எம்.எஸ்ஸி. டீச்சர்!"

ஒருமுறை ஊட்டினால் போதும் என்பது எனக்குத் தெரியும். அதன் நினைவகம் கம்பிகளில் கோத்த காந்த வளையங்கள். கரண்ட் போனாலும் அழியாது. "நேத்து போட்டது அப்படியே இருக்குமே" என்று நீயும் ஒருநாள் சொன்னாய். நான் எதையும் லேசில் நம்பாதவள் என்று எல்லோருக்கும் தெரியும். அது வசதியாகப் போயிற்று. "எனக்கு நம்பிக்கையில்லை, படி" என்றேன். வருஷக்கணக்காகப் படித்தாய்.

ஆழ்வார்பேட்டை வீட்டில் என்னோடு பேச யாருமில்லை வசந்தா. அந்தச் சில நிமிடங்களை விட மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் ஜுரம் என்று லீவு போட்ட நீ திரும்பவேயில்லை, அந்த ஜுரமே உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு நான் ஒருநாளும் சுவிட்சைத் தொடவில்லை. நாம் கடைசியாகப் போட்டதை வைத்தே அது ஓடியது.

இன்று, பழசையும் பார்த்துக்கொண்டிருந்த அதே சர்வீஸ் என்ஜினீயர் புதிய கம்ப்யூட்டரைப் பொருத்த வந்தார். "கரண்ட் போனா இதுல மெமரி போயிடும் மேடம். ஆனா ஆரம்ப புரோகிராம் ஒரு சிப்புலயே இருக்கு. தானா எடுத்துக்கும்." நிஜமாகவே மறக்கிற இயந்திரம் வந்திருக்கிறது, படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை.

பிறகு சிரித்தார். "பழசுல போட்டது அழியுமான்னு வசந்தா மேடம் ஒருதரம் கேட்டாங்க. அழியாது, தினம் போடறது வெட்டி வேலைன்னேன். 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க'ன்னாங்க. ஏன் மேடம்?"

நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.

என்மேல் இரக்கப்பட்டுப் படித்தாயா? இல்லை, உனக்கும் அந்த நேரம் வேண்டியிருந்ததா?

நாளை அதைக் கழற்ற அவர்கள் வருமுன் ஆய்வகத்துக்குப் போய்விடுவேன். தேவையே இல்லாமல், கடைசியாக ஒருமுறை எண்களைப் போடுவேன், வாய்விட்டுப் படித்து. நீ "போட்டாச்சா அக்கா?" என்று கேட்கிற இடத்தில் நிறுத்தி, போட்டாச்சு என்பேன். உனக்குக் கேட்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. இருந்தாலும் படிப்பேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
லலிதா