இடது கதவு ஸ்பீக்கர்

ஞாயிறு, இரவு

செகண்ட் ஹேண்ட் காரின் பழைய ஸ்பீக்கர்களை இன்று மாற்றிவிட்டேன். ஒரு மணி நேர வேலை. மூன்று வருடம் தள்ளிப்போட்டேன், மடையன்.

பாட்டு போட்டால் இடது கதவு கடகடக்கும். பக்கத்து சீட்டில் என் மனைவி மாலா முழங்காலால் அதை அழுத்திக்கொண்டு, "இதை எப்பதான் மாத்துவீங்க?" என்பாள். சண்டை போட்டுச் சேலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், ஐந்து மாதமாக வரவில்லை.

பெங்களூரு ஆஸ்டின் டவுன் கடைக்காரர், "இடது கதவு பேனல்ல ஒரு இடம் தேஞ்சிருக்கு சார், அதையும் மாத்திடலாமா?" என்றார்.

"வேணாம், இருக்கட்டும்."

பழைய ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி, அவள் சீட்டில் வைத்தேன். வண்டி நகர்ந்ததும், அங்கே ஆள் இருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி பீப் அடித்தது கார். பின்னால் தூக்கிப் போட்டிருக்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டி வரை அந்தச் சத்தத்தோடுதான் வந்தேன். புது ஸ்பீக்கரில் இன்னும் பாட்டு போடவில்லை.