பாலிகைக் கிண்ணத்தில் கரும்புக்கொல்லை மண்

அண்ணி,

மகள் கல்யாணத்துக்கு முளைப்பாலிகை போடப் போன வாரம் மண் கிண்ணங்களை நிரப்பித் தண்ணீர் தெளித்தேன். முதல் மழை வாசனை வந்தது. மண்ணைக் கையில் எடுத்தால் முகர்ந்து பார்க்காமல் விடமாட்டீர்களே, நானும் முகர்ந்தேன். அழுகை வந்துவிட்டது.

என் கல்யாணத்துக்குப் போட்ட பாலிகை உங்களுக்கு மறந்திருக்காது. களையெடுக்க ஆள் கிடைக்காமல் அப்பா முதன்முறையாகக் கரும்புக்குக் களைக்கொல்லி அடித்திருந்தார். ஒரு புல்கூட இல்லாமல் சுத்தமாக இருக்கிறதே என்று அந்தக் கொல்லை மண்ணைத்தான் ஆசையாக அள்ளிவந்தோம். சோளமும் உளுந்தும் பயறும் நன்றாகவே முளைத்தன. அந்த நேரம் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சங்கராபுரம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. கல்யாணம் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போனது. காத்திருந்த நாட்களில் உளுந்தும் பயறும் ஓரம் வெளுத்துக் கருகின.

முன்கூட்டியே வந்து எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் அத்தை அதைப் பார்த்துவிட்டார். பெண்ணின் ராசி சரியில்லை, ரோடு திறந்ததும் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

நீங்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அத்தை முன்னால் உட்கார்ந்தீர்கள்.

"ராசி கெட்டிருந்தா சோளமும்தானே செத்திருக்கணும்? அது பச்சையா நிக்குது பாருங்க. கரும்புக்கு அடிக்கிற மருந்து சோளத்த ஒண்ணும் பண்ணாதுங்க, உளுந்தத்தான் கொல்லும்."

உங்கள் பிறந்த வீட்டில் அதே மருந்தடித்த கரும்புக்குப் பின் உளுந்து போட்டு மொத்தமும் போனதையும் சொன்னீர்கள்.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்குதுங்க. மருந்தத் தின்னு தீக்கறதே அதுங்கதான். இது உவர் மண்ணு, எருவும் கம்மி. அதுங்களுக்கே சோறு இல்லன்னா மருந்த எப்படித் தீக்கும்?"

பிறகு கரும்புக்கொல்லை மண்ணில் ஒரு கிண்ணம், எருக்குழி ஓரத்து மண்ணில் ஒரு கிண்ணம் என்று அத்தை கண்ணெதிரிலேயே மறுபடி விதைத்தீர்கள். ரோடு திறந்த பிறகும் அத்தை கிளம்பவில்லை. முதல் கிண்ணத்து உளுந்து கருகியது, இரண்டாவது தளதளவென்று நின்றது.  மறுநாள் காலையில் இரண்டாவது கிண்ணத்துக்கு அத்தையே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

நான் புகுந்த வீடு போனேன், நீங்கள் அந்தக் கொல்லையைக் கையில் எடுத்தீர்கள். வருடா வருடம் எரு, பசுந்தாளுக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவு. கிண்ணத்தில் நாலு உளுந்து போட்டுப் பார்க்காமல் கொல்லையில் விதை இறக்கமாட்டீர்கள். அந்தப் பழக்கம்தான் இப்போது எங்கள் வீட்டிலும். என் வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

நேற்று அத்தை வந்திருந்தார். கூன் விழுந்துவிட்டது, கண்ணும் சரியில்லை. குனிந்து பாலிகைக் கிண்ணத்தை முகர்ந்தார்.

"உங்க அண்ணி கொல்ல மண்ணுதானே?"

ஆமாம், நீங்கள் கொடுத்தனுப்பியதுதான் என்றேன். பாலிகை தெளிக்கும் சொம்பை வாங்கிக்கொண்டு, முதலில் உங்கள் பேரைச் சொல்லித் தெளித்தார்.

உளுந்து பச்சையாக நிற்கிறது, அண்ணி.