சாமித்துரைக்கு இரங்கல் கூட்டம்

நவம்பர் 11, செவ்வாய்

போன வாரம் பூச்சிமருந்தால் இறந்த சாமித்துரைக்கு ஞாயிறு மாலை இரங்கல் கூட்டம். நானும் பேசவேண்டுமாம். விவசாய சங்கத் தலைவர் ஜேம்ஸ்ராஜ் போனில் சொன்னார்: "மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்து, மனசு ஒடஞ்சு மருந்தக் குடிச்சிட்டாருன்னு பேசுங்க அண்ணாச்சி. பேப்பர்ல எழுதுத நீங்க சொன்னா எடுபடும்."

யார் பார்த்தது என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது."

நவம்பர் 12, புதன்

எட்டயபுரம் பஸ்ஸில் போய், சாமித்துரையின் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி நடந்தேன். நேற்றைய மழை, கரிசல் மண் செருப்போடு ஒட்டி வந்தது. சாமித்துரையின் மனைவி வெயிலம்மாள் அழவில்லை.

"தெளிச்சிட்டு வந்தாவ. டேங்கு ஒழுகி முதுகெல்லாம் மருந்து. சட்டையக் கழத்துனதே நாந்தான். எங்கள விட்டுட்டுப் போவணும்னு அவிய குடிக்கல அண்ணாச்சி. இத மட்டும் மைக்குல சொல்லிருங்க."

நவம்பர் 13, வியாழன்

டீக்கடைக்காரர், உரக்கடைக்காரர், வார்டு மெம்பர் – மூவரும் குடித்தார் என்றே அடித்துச் சொல்கிறார்கள். உங்களுக்கு யார் சொன்னது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மூவருக்கும் சொன்னது பக்கத்துப் புஞ்சைக்காரர் இசக்கிபாண்டி. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டவர்.

அவரோ, "வாயில நுரை தள்ளுச்சு. குடிச்சிருப்பாரோன்னு சொன்னேன். நான் எங்கன பாத்தேன்?"

ஆக, பார்த்தவர் யாருமில்லை.

நவம்பர் 15, சனி

ஜேம்ஸ்ராஜிடம் இதைச் சொன்னேன். "ஒழுகுன டேங்குக்கு எவன் அண்ணாச்சி நிவாரணம் குடுப்பான்? அந்த வெயிலம்மாளுக்கு நல்லதுதான பண்ணுதேன்?"

கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம்.

நவம்பர் 16, ஞாயிறு

ஜேம்ஸ்ராஜ் முதலில் பேசினார். 'என் சாவைப் பார்த்தாவது அரசாங்கம் திரும்பட்டும்' என்று சொல்லிவிட்டுச் சாமித்துரை குடித்தாராம். இது புதிது. கூட்டம் அழுதது.

பிறகு நான். யார் என்ன பார்த்தார்கள், யார் காதால் கேட்டார்கள், எது இன்னும் தெரியாது என்று வரிசையாகச் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, இவரு என்ன கோர்ட்டா நடத்துதாரு?" சிரித்தார்கள். துக்கக் கூட்டத்தில்! பேசாமல் இறங்கியிருக்கணுமோ? எப்படி இறங்க – முன்வரிசையில் வெயிலம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, செவ்வாய்

ஜேம்ஸ்ராஜின் பேச்சு எல்லார் போனிலும். என்னுடையதை யாரும் எடுக்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்: வயிற்றில் மருந்து இல்லை, தோல் வழியாகத்தான் ஏறியிருக்கிறது. நேரே வெயிலம்மாளிடம் போய்ச் சொன்னேன்.

தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "சாவும்போது அரசாங்கத்துக்குச் சொல்லத் தோணிருக்கு. எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே அண்ணாச்சி."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை, அது மேடையில் கட்டிய பேச்சு என்றேன்.

"அவிய போட்டாவப் போட்டுல்லா அந்த வார்த்த போனுல வருது" என்றார்.