பெரியப்பாவிடம் ஓர் ஒத்திகை

ஜூன் 3

முதல்வர் அம்மா இன்று என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். இந்த நர்சிங் கல்லூரியில் இத்தனை வருடமாகப் பாடம் எடுக்கிறேன், அவர் அறையில் டீ கிடைத்தால் பின்னாலேயே ஒரு வேலை வரும்.

வந்தது. இரண்டாம் வருடத்தில் இரண்டு பெண்கள் மருந்துக் கணக்குத் தேர்வில் இரண்டு தடவை தோற்றுவிட்டார்கள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் தோற்றால் கல்லூரியின் தேர்ச்சி விகிதம் அடிவாங்கும். அதற்கு முன்னால் அவர்களாகவே படிப்பை விட்டு விலகிவிட்டால் எல்லாருக்கும் நல்லதாம்.

"நீங்கதான் பக்குவமாப் பேசுவீங்க. மனசு நோகாம எடுத்துச் சொல்லுங்க. நர்ஸ் வேலை எல்லாருக்கும் ஒத்து வராதுல்ல?"

உண்மைதான், எல்லாருக்கும் ஒத்து வராது. காலை ஆறு மணிக்கு எனக்கே ஒத்து வருவதில்லை.

என் குரல் இயல்பிலேயே மெதுவானது. அதை வைத்துக்கொண்டு நான் பக்குவமானவள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். என் வீட்டில் விசாரித்திருக்கலாம்.

ஜூன் 4

இரண்டு பேரையும் இன்று கொஞ்சம் உன்னிப்பாகக் கவனித்தேன்.

ஒருத்தியை எல்லாரும் 'ஓவியம்' என்கிறார்கள். உடற்கூறு ஏட்டைத் திறந்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. இதயத்துக்கு நிழல் கொடுத்து, அதன் மேல் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்றுகூடக் காட்டியிருக்கிறாள். எந்தப் பாகத்துக்கும் பெயர் மட்டும் எழுதவில்லை. வார்டுக்குப் போகிற நாளில் தவறாமல் வயிற்றுவலி.

இன்னொருத்தி 'புள்ளி'. தசமப் புள்ளி அவளுக்கு ஓரிடத்தில் நிற்காது. போன தேர்வில் இரண்டரை மில்லி என்று எழுதவேண்டிய இடத்தில் இருபத்தைந்து மில்லி. பத்து மடங்கு! தாளில் அது சிவப்பு மையில் ஒரு சுழி. வார்டில்?

வகுப்பே சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையா, பாவமாக இருக்கிறதா? எழுதி வைக்கிறேன், பிறகு யோசிக்கலாம்.

ஜூன் 6

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அதனால் இந்த மாதிரி விஷயத்தில் அனுபவசாலி. சாப்பிடும்போது கேட்டேன்: "என்னங்க, உங்ககிட்ட வர்றவங்கள்ல யாருக்காவது, ‘உனக்கு வண்டியே வேணாம்’னு சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னேனே. உனக்கு."

அதற்குமேல் அந்தப் பேச்சு உருப்படவில்லை. கை கழுவப் போனவர் திரும்பி வந்து நின்று சொன்னார்: "பயந்து பயந்து ஓட்டறவங்களப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது. ஜாலியா பாட்டுப் பாடிட்டே ஓட்டறான் பாரு, அவன் பக்கத்துல உக்காந்தா என் கால் பிரேக்க விட்டு நகராது."

எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் பயந்து பயந்துதான் ஓட்டினேன். சுவர்தான் தானாக வந்து இடித்தது.

ஜூன் 9

ஓவியத்திடம் பேசிவிட்டேன். நேற்று முழுக்க வாக்கியம் வாக்கியமாகத் தயார்செய்து, மேசை மேல் தண்ணீர் டம்ளர், கைக்குட்டை எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

"உன்கூடக் கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும்மா. இந்தப் படிப்பு உனக்கு..."

"வேணாமா மேடம்?"

"அப்படிச் சொல்ல வரல. நல்லா யோசிச்சுப் பாத்தா..."

"அய்யோ மேடம், வேணாம்னே சொல்லுங்க! எங்க அப்பாவக் கூட்டிட்டு வரட்டுமா? அவர்கிட்ட இதையே இதே மாதிரி சொல்றீங்களா?"

என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கண்ணெல்லாம் மினுமினுப்பு. கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது, வியர்வை துடைக்க. இவளை ஒன்றரை வருடம் பிடித்து வைத்திருந்தோமே! போகட்டும், ஆசை தீர எதையாவது வரையட்டும்.

இவ்வளவுதானா? இனி அடுத்தவளிடமும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஒரு தெம்பு வந்திருக்கிறது.

ஜூன் 10

தெம்பு போய்விட்டது. புள்ளி எதிரே வந்தாள், நான் வேகமாகக் கழிவறைக்குள் நுழைந்துவிட்டேன்.

ஜூன் 12

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பயிற்சி அறையில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கிறது. ஆள் உயரம், இடது கை அடிக்கடி கழன்று வரும், ஊசி குத்திக் குத்தித் தோள் சல்லடையாகிவிட்டது. மாணவிகள் அதற்கு 'பெரியப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனை குத்தினாலும் முகம் சுளிக்காதவர். மத்தியானம் அறையில் யாரும் இல்லை. பெரியப்பாவின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். வாய் விட்டுத்தான்.

"இங்க பாரும்மா. நீ நல்ல பொண்ணு. உழைக்கிற. ஆனா உழைப்பு வேற, இந்த வேலை வேற. உனக்கு வேற எவ்வளவோ திறமைகள் இருக்கு. இப்பவே விலகிக்கிட்டா கௌரவமா விலகலாம்..."

பெரியப்பா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். எனக்கே உருக்கமாக இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த கட்டிலின் திரை விலகியது. உள்ளே புள்ளி, மடியில் கணக்கு நோட்டு. சத்தமில்லாத இடம் என்று இங்கே வந்து உட்கார்ந்து கணக்குப் போடுவாளாம்.

"பெரியப்பாவ எதுக்கு மேடம் வேலைய விட்டுத் தூக்கறீங்க?"

ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் நோட்டை மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

"ரெண்டாவது தடவைதான் நல்லா சொன்னீங்க மேடம். ஒண்ணு மட்டும் புரியல. வேற திறமைகள் இருக்குன்னீங்களே, என்ன திறமை?"

நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தை எங்கிருந்து பிடித்தேன் என்றே தெரியவில்லை, எல்லாரும் சொல்கிறார்களே என்று சொல்லியிருக்கிறேன்.

பேச்சை மாற்ற, "இந்த வேலைல அப்படி என்னதான் பிடிச்சிருக்கு உனக்கு?" என்று கேட்டேன்.

"காலைல போனா எல்லாரும் அப்பதான் எந்திரிச்சிருப்பாங்க. முடியெல்லாம் கலைஞ்சு, யாரு பெரிய ஆளு யாரு சின்ன ஆளுன்னே தெரியாது. அந்த நேரத்துல நாம போய் போர்வைய சரி பண்ணுவோம்ல மேடம், அது பிடிக்கும்."

சேவை, தியாகம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 13

யாரைக் கேட்பது? நான் சொன்னது தப்பா?

பத்து மடங்கு மருந்து போனால் ஆள் போய்விடும். போர்வையைச் சரிசெய்ததற்கா அப்புறம் மன்னிப்பு கிடைக்கும்? அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, சரி. கட்டிலில் கிடக்கிறவனைப் பற்றி யார் பாவப்படுவது?

ஆனால் 'போ' என்று நான் ஒருத்தியை அனுப்பினால் அதில் எனக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. அவள் நல்ல நர்சாக ஆகியிருப்பாளா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. என் மேல் ஒரு பழியும் வராது. அதுதான் உறுத்துகிறது. எனக்கு இவ்வளவு வசதியான ஒரு முடிவு எப்படி நியாயமாக இருக்கும்?

முதல்வர் அம்மா வழியில் பார்த்து, "பேசியாச்சா?" என்றார். "ஒரு ஆள் பாக்கிம்மா" என்றேன். பெரியப்பாவிடம் பேசியாகிவிட்டது என்று சொல்லவில்லை.

ஜூன் 18

இன்று ஆண்கள் வார்டு. மாணவிகளோடு நானும் போனேன். வார்டு சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை, பதினைந்து கட்டில், எல்லாருக்கும் அவசரம்.

ஊசி மருந்தை ஒருவர் எடுத்தால் இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். அது விதி. நடைமுறை என்ன? ஒருவர் ஊசியைத் தூக்கிக் காட்டுவார், மற்றவர் 'சரி' என்பார். தும்மினால் மூக்கைத் துடைப்பது போல அது பாட்டுக்கு வரும்.

எட்டாவது கட்டில் தாத்தாவுக்கு மருந்து. புள்ளி ஊசியை உயர்த்திக் காட்டினாள். "மேடம், சரி பாருங்க."

பக்கத்துக் கட்டிலில் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். "சரி."

அவள் நகரவில்லை.

"என்ன?"

"நீங்க கணக்குப் போடலியே."

"பாத்தேனேம்மா."

"பாத்தீங்க. போடல. உதடு அசையல."

"உதடா?"

"நீங்க கணக்குப் போட்டா உதடு அசையும் மேடம். கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

வார்டு சிஸ்டர் தூரத்திலிருந்து, "என்னங்க அங்க, கச்சேரியா?" என்று கத்தினார். தாத்தா சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "என்னம்மா, மருந்து மாறிடுச்சா?"

"இல்ல தாத்தா. சரின்னுதான் நினைக்கறேன். நினைச்சா போதாதுல்ல, அதான்."

"போதாது, போதாது" என்றார் தாத்தா, அவசரமாகச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு.

"என் கணக்க நம்பாதீங்க மேடம்" என்று என்னிடம் சொன்னாள், தணிந்த குரலில். "நானே நம்பல."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டேன். எழுதியிருப்பது அறுபது மில்லிகிராம். குப்பியில் இரண்டு மில்லிக்கு எண்பது. ஒன்றரை மில்லி. ஊசியில் ஒன்றரை மில்லிதான் இருந்தது. என் உதடு அசைந்ததைத் தாத்தாவும் சேர்ந்து பார்த்தார்.

யார் உயிரும் காப்பாற்றப்படவில்லை. மருந்து சரியாகத்தான் இருந்தது. நான் திரும்பாமலே 'சரி' சொல்லியிருந்தாலும் தாத்தா சாயங்காலம் அதே பழச்சாற்றைத்தான் குடித்திருப்பார்.

அப்புறம் ஏன் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு?

வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் இன்றைக்கு ஐந்தாறு ஊசி காட்டினாள். எல்லாவற்றுக்கும் 'சரி' என்றேன். ஒன்றுக்காவது என் உதடு அசைந்ததா?

ஜூன் 19

புள்ளியைக் கூப்பிட்டேன். பயிற்சி அறையில், பெரியப்பாவின் முன்னிலையில்.

"உன்ன இப்ப இருக்கற மாதிரி வார்டுல தனியா விடமாட்டேன். கணக்கு நிக்கற வரைக்கும் விடமாட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. ஆனா படிப்ப விட்டுப் போன்னு என் வாயால சொல்லமாட்டேன்."

"அப்ப அன்னிக்குச் சொன்னது?"

"அது பெரியப்பாவுக்கு."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கழன்று கிடந்த பெரியப்பாவின் இடது கையை எடுத்து மாட்டிவிட்டுப் போனாள். திருப்பி மாட்டியிருக்கிறாள். உள்ளங்கை வெளியே பார்க்கிறது.

ஜூன் 25

மூன்றாவது தேர்வு. மேற்பார்வைக்கு நான்தான். ஒவ்வொரு கணக்கையும் ஒரு வழியில் போட்டு, தாளைக் கவிழ்த்து, மறுபடி வேறு வழியில் போடுகிறாள். மணி அடிக்கிறபோது பக்கம் பாதி காலி. எழுந்துபோய் அந்த மணியை நிறுத்தலாமா என்று இருந்தது.

ஜூன் 27

இருபது கணக்கில் பதினான்கு எழுதியிருக்கிறாள். பதினான்கும் சரி. தேறப் பதினெட்டு வேண்டும். தோற்றுவிட்டாள்.

போன தடவை இருபதும் எழுதி ஒன்பது தப்பு.

விதிப்படி எல்லாம் முடிந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே அவள் போய்விடுவாள். ஒரு வார்த்தை செலவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டாமா?

நேரே முதல்வர் அம்மா அறைக்குப் போனேன். டீ தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"இரண்டாம் வருஷத்தத் திரும்பப் படிக்கட்டும்மா. விதில இடம் இருக்கு, ஆசிரியர் ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும், அவ்வளவுதான். நான் எடுத்துக்கறேன்."

"ஏம்மா, வேணாம்னு சொல்லச் சொல்லித்தானே உங்கள அனுப்பினேன்?"

"ஆமாம்மா."

"மெதுவாப் பேசறீங்களேன்னு அனுப்பினேன்!"

"இப்பவும் மெதுவாத்தானேம்மா பேசறேன்."

மெதுவாகப் பேசவில்லை. வெளியே தோட்டக்காரர் வரைக்கும் கேட்டிருக்கிறது. "எதுக்கு இந்தப் பிடிவாதம்? ரொம்ப வேகமான பொண்ணா?" என்றார் முதல்வர் அம்மா.

"இல்லம்மா. ரொம்ப மெதுவு. சரி பாக்காத எதையும் எழுதாம விட்டிருக்கா பாருங்க. அடிச்சு விடல. முன்னாடியெல்லாம் அடிச்சு விடுவா."

முதல்வர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போடும்போது சொன்னார்: "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்."

கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 4

புள்ளி சின்னப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் அவளை 'அக்கா' என்கிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவள் காது சிவக்கிறது.

நவம்பர் 12

ஓவியத்தின் அப்பா வழியில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓவியம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கையசைத்தாள், விரலெல்லாம் பெயிண்ட்.

மார்ச் 14

மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிறுநீரகத்தில் கல். நேற்று விடிந்ததும் வந்த வலியில் எனக்கு என் பெயரே மறந்துவிட்டது. இவர் வண்டியை எப்படி ஓட்டினார் என்று தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் வலிக்கு ஊசி எழுதினார். மருந்தை எடுத்துக்கொண்டு வந்தது யார் என்று பார்த்தால், புள்ளி! இந்த மாதம் அவளுக்கு இந்த வார்டு.

அரைக் குப்பி மருந்து. இரண்டாவது நர்ஸ் எட்டிப் பார்த்து, "சரி" என்றாள்.

"போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"அரைக் குப்பி தானே!"

"ஒரு தடவை போட்டுடுங்களேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெளிகிறேன். "அரைதாம்மா! அரைதான்! நான் சொல்றேன், குத்தித் தொலை!"

"நீங்க சொல்லக்கூடாது மேடம். நீங்க பேஷன்ட்."

இவர் என் காதருகே குனிந்து, "இதுதான் நீ சண்டை போட்டு வச்சுக்கிட்ட பொண்ணா?" என்றார். அந்த நர்ஸ் பெருமூச்சு விட்டு, சுவரைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். புள்ளி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

உதடு அசைந்தது.

அப்புறம்தான் ஊசி வந்தது. நன்றாகவே வலித்தது, குத்துகிற கை இன்னும் பழக வேண்டும். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. கண்ணைத் திறந்தபோது என் தலைமுடி எப்படி இருந்ததோ. அவள் போர்வையைக் கால்வரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கல்லூரிக்குத் திரும்பியதும் அவளைப் பெரியப்பாவிடம் உட்கார்த்தி ஊசியை ஒழுங்காகப் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.