ஒன்றரை அங்குலக் கட்டை

அன்புள்ள கிளைடு,

நீ அலாஸ்காவுக்குப் போன பிறகு இது இரண்டாவது குளிர்காலம். கோழிகளை நரி தூக்கிப்போவதால், பெண்களுக்கான துப்பாக்கிப் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் நாளே தோள் கன்றிப்போனது.

அங்கே சொல்லித்தருகிற வெர்னா, நீ விட்டுப்போன துப்பாக்கியைப் பார்த்துச் சிரித்தாள். "இது ஒன் புருஷன் கை நீளத்துக்கு உள்ளதுடி. தோள் வலிக்காம என்ன செய்யும்? தோள்ல முட்டுற பின்கட்டையில ஒன்றரை இஞ்சு அறுத்துடு."

"அவன் வந்து கேட்டா?"

"எப்ப வர்றானாம்?"

நான் தோளைத் தேய்த்துக்கொண்டேன்.

மூன்று மாதம் வலியோடுதான் சுட்டேன். போன வாரம் கட்டையை அறுக்கக் கொடுத்தேன். இன்று ஐந்து குண்டும் குறியில் பட்டன. வலியே இல்லை.

இனி அது உன் தோளுக்குப் பொருந்தாது. அறுத்த துண்டை எறிய மனம் வரவில்லை, இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அதே வீட்டிலிருந்து,
நான்