காஞ்சனாபுரியில் எடுத்த ஒரு பிடி மண்

அண்ணே,

நேற்று மருமகள் என்னைச் சிரம்பானில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப் போனாள். வாசற்படி, பெஞ்சு, பூத்தொட்டிக்கு அணை, எல்லாமே பழைய சிலிப்பர் கட்டைகள். தண்டவாளத்துக்கு அடியில் ஆயுசு முழுக்கக் கிடந்த கட்டைகளைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். இப்போது அதன்மேல் உட்கார்ந்து ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மதிய வெயிலில் கட்டையிலிருந்து தார் வாடை கிளம்பியது. உங்கள் காக்கிச் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். ஏன் குடிக்கவில்லை என்று மருமகள் கேட்டாள். தலைவலி என்றேன். பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும். அது தெரியாமலே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நமக்குள் ரத்த உறவு ஒன்றும் இல்லை. கெமாஸுக்கு வெளியே ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள், நீங்கள் எனக்குப் பதினைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். நீங்கள் ரயில்வேயில் சேர்ந்து தண்டவாளம் பழுது பார்க்கும் வேலைக்குப் போனீர்கள். நான் கல்யாணம் ஆகி ரஹாங்குக்கு வந்து, செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். கணவர் போன பிறகு, விடுமுறை நாட்களில் பஸ் பிடித்து ஆட்களைச் சயாமுக்குச் சுற்றுலா கூட்டிப் போக ஆரம்பித்தேன். ஹாட்யாயில் ஒரு நாள் கடைவீதி, காஞ்சனாபுரியில் பாலம், கல்லறை, பிறகு மிதக்கும் சந்தை, திரும்புகிற வழியில் இன்னொரு கடைவீதி. சயாம் மரண ரயில் பாதையை நான் விற்ற லட்சணம் அதுதான். நோட்டீஸில் பாலத்தின் படத்துக்குக் கீழே 'மறக்க முடியாத அனுபவம்' என்று வேறு போட்டிருந்தேன்.

அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். எழுபது தாண்டிய வயதில் கெமாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கும் ஒரு சீட்டு போடும்மா. எங்கப்பாவக் கூட்டியாரணும்."

உங்கள் அப்பா உயிரோடிருந்தால் நூறு வயதுக்குப் பக்கம். உங்களுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பஸ் எல்லையைத் தாண்டிய பிறகுதான் விவரம் சொன்னீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எஸ்டேட்டுக் கணக்கெழுதும் கிராணி பெயர்களை வாசிக்க வாசிக்க, முப்பது பேரைத் தனியாக நிறுத்தி லோரியில் ஏற்றியிருக்கிறார்கள். சயாமில் ரயில் பாதை போட மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும் என்று பேச்சு. அம்மா வயிற்றில் நீங்கள் ஆறு மாதம். அந்த வயிற்றோடு அவர் கெமாஸ் ஸ்டேஷன் வரை நடந்து போய்ச் சேர்ந்தபோது சரக்குப் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டார்களாம். சண்டை முடிந்து இரண்டு பேர் திரும்பினார்கள். உங்கள் அப்பா இருந்த முகாம் வேறு, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். செத்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால் உங்கள் அம்மா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை.

அதற்காக அவர் பட்ட பாட்டையும் சொன்னீர்கள். எஸ்டேட்டுக் கல்யாணங்களில் குங்குமத் தட்டோடு வருகிறவள் உங்கள் அம்மா முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்குவாள். இவள் சுமங்கலியா இல்லையா என்று யாருக்கும் தெரியாதே. அம்மா தானே கையை நீட்டி எடுத்து வைத்துக்கொள்வாராம். செத்த அன்றும் அதே வழக்கு. பூவும் பொட்டுமாக அனுப்பலாமா கூடாதா என்று பிணத்தைப் போட்டுவிட்டுப் பெண்கள் வாதாடியிருக்கிறார்கள். பொட்டோடுதான் போக வேண்டும் என்று நீங்கள் அதட்டினீர்கள். தாலியை மட்டும் கழற்றி ஒரு மருந்துப் புட்டியில் போட்டு வைத்தீர்கள். அப்பாவுக்குக் கருமக்கிரியை செய்கிற அன்று அதை அவரிடம் சேர்க்க வேண்டும், பிள்ளையாகப் பிறந்ததற்கு எனக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான் என்றீர்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உச்சுக் கொட்டிக்கொண்டே, யாருக்கு எந்த ஹோட்டல் அறை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பாலத்தில் நம் ஆட்கள் வரிசையாக நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள், நம்மவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நீங்கள் தண்டவாளத்தின் நடுவில் குந்தி, ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தீர்கள். ஆணியின் தலையைத் தடவினீர்கள். "எல்லாம் புதுசு. நம்மாளு போட்ட கட்ட ஒண்ணுகூட இல்ல" என்று என்னிடம் வந்து சொன்னீர்கள், வேலை சரியில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுக்கிற குரலில். ஒரு பெண் உங்களைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் சிரிங்க லா என்று படம் எடுத்தாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் நீங்கள் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது கல்லறை. புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வைத்து, ஆயிரக்கணக்கான பெயர்ப்பலகைகள் வரிசை பிசகாமல் கிடக்கும். பெயர், வயது, படைப்பிரிவு, எல்லாம் இருக்கும். ஜப்பான்காரன் சிறை பிடித்து ரயில் பாதை போட வைத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அதற்கு முன்னால் நான்கு முறை அங்கே போயிருக்கிறேன். சிப்பாய்களைத் தவிர வேறு ஒருவரும் அங்கே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம்மவர்கள் எங்கே என்பதுதான் தெரியாது. தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

நீங்கள் வரிசை வரிசையாக நடந்து திரும்பி வந்தீர்கள். உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்மா?"

பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மிதக்கும் சந்தைக்கு நேரமாகிறது என்று பின்னால் நாலு பேர் முனகினார்கள். அதையெல்லாம் பல வருஷம் எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டேன். கைடு என்று பெயர் வைத்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம், அதுதான் உண்மை. எல்லாரையும் ஒன்றாகத்தான் புதைத்திருக்கிறார்கள், நம் ஆட்களின் பெயர் தெரியாததால் பெயரில்லாமல் கல் வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், பெயர் இல்லாத ஒரு பலகையின் முன்னால் நானே உங்களைக் கூட்டிப் போய் நிறுத்தினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னீர்கள். பெயர் தெரியாத ஒரு சிப்பாய், கடவுளுக்கு மட்டும் தெரிந்தவர் என்று இருந்தது. சிப்பாய் என்பதை விட்டுவிட்டு மற்றதைப் படித்தேன்.

நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். தோளில் கிடந்த துண்டால் அந்தப் பலகையை மூலை முடுக்கெல்லாம் துடைத்தீர்கள்.

"அப்பா, நான் ஒங்க மவன். வாங்க, வூட்டுக்குப் போவலாம்."

அப்பா என்று ஒருவரைப் பார்த்து நீங்கள் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கூப்பிடத் தெரியாதவர் கூப்பிடுகிற மாதிரித்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, நம் எஸ்டேட்டு முனியாண்டி கோயிலே தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒரு பிடி மண்ணில் எழும்பியதுதானே, மண்ணோடு சாமி வரும்போது அப்பா வரமாட்டாரா என்று கேட்டீர்கள். வருவார் என்றேன். பூச்செடிக்கு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளித் துண்டின் முனையில் முடிந்துகொண்டீர்கள். தோட்டக்காரர் கண்ணில் படாமல் நான் குறுக்கே நின்று மறைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் போர்ட்டிக்சன் கடற்கரையில் மொட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பண்டாரம் தர்ப்பையில் ஆள் உருவம் செய்து, அதன் நெஞ்சில் அந்த மண்ணை வைத்தார். இறந்த நாள் எது என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மண் எடுத்த நாளையே திதியாக வைத்துக்கொள்ளலாம் என்று அவரே முடிவு செய்தார். உருவத்தைக் கொளுத்தி, சாம்பலையும் மண்ணையும் மஞ்சள் துணியில் போட்டு, மருந்துப் புட்டியைத் திறந்து தாலியையும் அதற்குள் வைத்து முடிந்தீர்கள். இடுப்பளவு தண்ணீருக்குள் போய் விட்டீர்கள். அண்ணே, ஊர் வாய்க்கெல்லாம் பயப்படாமல் உங்கள் அம்மா கழுத்தில் கட்டிக் காத்த தாலி, முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் மண்ணோடு கடலுக்குள் போனது. நான் கரையில் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு கூட்டத்தோடு காஞ்சனாபுரி போனேன். ஒரு பயணிக்கு அவசரமாகக் கழிப்பறை தேவைப்பட்டது. கல்லறையை ஒட்டிய ஒரு புத்தர் கோயிலுக்குள் அவளைக் கூட்டிப் போனோம். அங்கே ஓரமாக ஒரு ஸ்தூபி. இது என்ன என்று சும்மாதான் கேட்டேன். ஹாட்யாயிலிருந்து கூட வந்த சயாம்காரக் கைடு மலாய் மொழியில் சொன்னாள். ரயில் பாதை போட வந்த கூலிகளின் எலும்பு இதன் அடியில் இருக்கிறது, குழி குழியாகக் கிடந்ததை அள்ளி வந்து இங்கே புதைத்தார்கள், மலாயாவிலிருந்து வந்த தமிழர்களும் அதில் உண்டு என்றாள். நீங்கள் நின்று கேட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே நடந்தால் ஐந்து நிமிடம். உங்கள் அப்பா அங்கேதான் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எந்தக் காட்டில் விழுந்தாரோ. ஆனால் நம் ஆட்கள் எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்கு அங்கே ஒரு பதில் இருந்தது.

திரும்பி வந்த வாரமே சொல்லிவிட வேண்டும் என்று கெமாஸுக்கு வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் வாசலிலேயே நிறுத்தி, நல்ல சமயத்தில் வந்தாய், நாளைக்கு அப்பா திதி, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றீர்கள். மறுநாள் படையல் முடிந்ததும் முதல் இலையை எனக்குப் போடச் சொன்னீர்கள். இந்த அம்மாதான் எங்கள் அப்பாவைக் காட்டியது என்று வந்தவர்களிடமெல்லாம் அறிமுகம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னீர்கள்.

"இப்பத்தாம்மா நானும் தகப்பன் உள்ள புள்ள."

அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது? திறந்தேன், சாப்பிடுவதற்கு. அதற்கடுத்து மூன்று வருஷமும் வந்து முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வடை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

நீங்கள் போனபோது அஸ்தியைப் போர்ட்டிக்சனில் கரைத்துவிட்டு, ஒரு சிமிழில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாள் உங்கள் மகள் சாந்தி. தாத்தா பக்கத்தில் என்னையும் கொஞ்சம் வைத்துவிடு என்று நீங்கள் கேட்டீர்களாம். பதினாறாம் நாள் முடிந்ததும் ரஹாங்குக்கு வந்து, அந்தக் கல்லை உங்களுக்குத்தானே தெரியும், எப்போது கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்டாள். என் மேல் அவள் வைத்திருந்த மரியாதையைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது. இன்னொரு தடவை அந்தப் பலகை முன்னால் நின்று படித்துக் காட்ட என்னால் முடியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தாலி போன இடம் வரைக்கும்.

சாந்தி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அப்பாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தெரிஞ்சும் எங்க வீட்டுல வந்து சாப்பிட்டீங்களே ஆன்ட்டி."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, நீங்கள் வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பிப் போனாள். நான் தடுக்கவில்லை.

சாந்தியும் அவள் அண்ணனுமாகப் பாங்காக் வரை விமானத்தில் போய் வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உங்களை அந்தச் சிப்பாயின் பலகை அருகில் வைத்தார்களா, ஸ்தூபி இருக்கும் கோயிலில் வைத்தார்களா, ஆற்றில் விட்டார்களா, இல்லை மனம் வராமல் சிமிழைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசாரில் சாந்தியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கீரைக் கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் கடந்து போகும் வரைக்கும். எனக்கு அழுகையாக வந்தது. கேட்கிற உரிமையை நான் தின்று தீர்த்துவிட்டேன், அண்ணே.

இன்னும் பஸ் கொண்டுபோகிறேன். வயிறு இருக்கிறதே. நோட்டீஸில் இருந்த அந்த வாசகத்தை எடுத்துவிட்டேன். ஆட்களை முதலில் ஸ்தூபிக்குக் கூட்டிப் போய்விட்டு, அப்புறம்தான் கல்லறை, அப்புறம்தான் பாலம். மூன்று இடத்திலும் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கிறேன். போன பயணத்தில் ஒரு கிள்ளான்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"எங்க அண்ணன் இருக்காரு" என்றேன். "எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."