அழுக்கு யாருடையது

சிஸ்டர்,

இன்று காலை என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. மகளுக்குப் பாண்டிச்சேரியில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் பேசினார்கள். பேசியது மனுஷி இல்லை, பதிவு செய்த குரல். எங்கள் சேவை திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே அடுப்படியில் நின்றுவிட்டேன். உங்கள் அதட்டல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "பாக்காம சொல்லாத. போய்த் தொட்டுப் பாத்துட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்."

வடலூர் சாலையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் நீங்கள் தலைமை. பித்தப்பைக் கல்லுக்காக நான் அங்கே படுத்திருந்தேன். தொப்புளில் சின்னத் துளை போட்டு, கேமராக் குழாய் விட்டு எடுக்கிற ஆபரேஷன். மறுநாள் காலை நீங்கள் வார்டுக்குள் வந்தபோது நர்சுகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து, நகத்தை எல்லார் எதிரிலும் வெட்டிவிட்டீர்கள். அவள் அழுதாள். நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அன்று உங்களைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் தவறாமல் கூப்பிட்டீர்கள். ஈரம் இருக்கிறதா, துணி ஒட்டுகிறதா, சுற்றிலும் தடிப்பு உண்டா என்று அதே கேள்விகள். ஆபரேஷன் ஆன ஒவ்வொருவரையும் அப்படிக் கூப்பிட்டீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தையலே பிரித்தாயிற்றே சிஸ்டர் என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். "தையல் பிரிச்சா முடிஞ்சுதுன்னு டாக்டர் நெனப்பாரு. காயத்துக்கு அது தெரியாது" என்றீர்கள்.

ஒரு மாதம் கழித்துத் தொப்புளுக்குப் பக்கத்தில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி வந்தது. சிவந்தது, உடைந்தது, நீராக வடிந்தது. போனில் சொன்னேன். கேள்விக்கு மேல் கேள்வி கேட்கும் நீங்கள், நாளைக்கே வா என்று மட்டும் சொன்னீர்கள்.

போனதும் சொல்லாமல் கொள்ளாமல் அழுத்தினீர்கள். அலறிவிட்டேன். "வலிக்கும். வலிக்காதுன்னு பொய் சொல்ல எனக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். என்னைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். கம்மாபுரத்தில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் மனைவி, வடலூரில் ஒரு தையல்காரர். எல்லாருக்கும் அதே கேமரா ஆபரேஷன், அதே தொப்புள். ஆளுக்கொரு டாக்டரிடம் போய், அவரவர் தலையெழுத்து என்று அவரவர் நினைத்திருந்தோம். எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு மட்டும்தான் முடிந்தது.

சாதாரண மாத்திரைகளுக்கு அது கேட்கவில்லை. மாதக்கணக்கில் வடிந்தது. கட்டுத் துணியில் ஒரு புளித்த வாடை. மாமியார் என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைத்தார். "பக்கத்துல ஒக்காராத, வூடே நாறுது. நாங்கெல்லாம் புள்ள பெத்துக்கினு மறுவாரமே கழனிக்குப் போனவங்க" என்பார். கணவர் தன் பாயை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் கணவருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பது இரண்டே அறை. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்துதான் நான் சாப்பிட்டேன். அப்போது எட்டாவது படித்த மகள், ஏம்மா அங்க உட்கார்ந்திருக்க என்று கேட்பாள். காற்றுக்காக என்பேன்.

பரிசோதனை முடிவு வந்ததும் எனக்குப் புரியும்படி விளக்கினீர்கள். கேமராக் குழாயை ஆவியில் வைத்தால் கெட்டுவிடும் என்று மருந்தில் ஊறவைக்கிறார்கள். அடுத்த ஆளுக்குப் போடுமுன் ஆபரேஷன் தியேட்டரிலேயே ஒரு தட்டில் இருக்கிற குழாய்த் தண்ணீரில் அலசுகிறார்கள். அந்தத் தண்ணீரையும் நீங்கள் சோதனைக்கு அனுப்பியிருந்தீர்கள். என் சீழில் இருந்த கிருமி அதிலும் இருந்தது. இதைச் சரி செய்யும்வரை ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியே அவருடையது. அவர் நிறுத்தவில்லை.

அதற்குப் பதிலாக எங்களைக் கூப்பிட்டார். அவர் அறையில் நானும் கணவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கதவோரம் நின்றீர்கள். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. கணவரிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். மைன்ஸில் வேலை, தூசு, வீட்டில் பெண்கள் காயத்தைப் பார்த்துக்கொள்ளும் லட்சணம் நமக்குத் தெரியாதா என்றார். பிறகு கேட்டார்: "நீங்க வெவரமானவர். உங்க வீட்டம்மா சுத்தபத்தமா இருக்காங்களா? நீங்களே சொல்லுங்க."

கணவரைத் தன் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்த டாக்டர். என் மாமியாருக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டர். கணவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"இல்ல சார். அவ அவ்வளவு சுத்தம் பாக்கமாட்டா."

கட்டுத் துணியைத் தினமும் கொதிக்கக் கொதிக்க வைத்து அலசியதில் என் கைத்தோல் உரிந்திருந்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "அழுக்கு இந்தப் பொண்ணு கிட்ட இல்ல சார். நம்ம தியேட்டர் தண்ணியில இருக்கு. ரெண்டுலயும் ஒரே கிருமி."

வெளியே போங்கள் என்றார் டாக்டர். நீங்கள் என்னிடம் வந்து, கையைப் பிடித்து எழுப்பி, என்னையும் கூட்டிக்கொண்டுதான் வெளியே போனீர்கள்.

வேலையை விட்டுத் தூக்கியிருந்தால்கூட அவ்வளவு கொடுமை இல்லை. தலைமைப் பொறுப்பைப் பிடுங்கி, வாசலில் டோக்கன் கொடுக்கிற மேசையில் உட்காரவைத்தார்கள். உங்களைக் கண்டு கையைப் பின்னால் கட்டிய பெண்கள் உங்களைத் தாண்டி சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். நகம் வெட்டுப்பட்டவள் உங்கள் பதவிக்கு வந்தாள். கொஞ்ச காலத்தில் கேமராக் குழாய்களைச் சுத்தம் செய்யப் புது மெஷின் வந்தது. நோயாளியின் பாதுகாப்பே எங்கள் உயிர் என்று டாக்டர் மைக்கில் பேசினார். அன்றும் நீங்கள் டோக்கன்தான் கொடுத்தீர்கள்.

என்னைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பியது நீங்கள்தான். அங்கே கெட்ட சதையை அறுத்தெடுத்தார்கள். பல மாதம் மாத்திரை. டோக்கன் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்து நீங்களே கட்டு மாற்றினீர்கள். ஒருநாள் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "வெளிய போய் நில்லுங்கம்மா. நீங்க மூச்சு விடுறது காயத்துக்கு ஆகாது" என்றீர்கள். சிரிக்கக்கூட இல்லை.

பிறகு உங்களுக்குக் கர்ப்பப்பையில் புற்று. அடுத்தவர் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த நீங்கள் உங்களுடையதைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். கடைசியாக உங்கள் தங்கை வீட்டில் பார்த்தபோது கட்டிலோடு ஒட்டிக் கிடந்தீர்கள். என்னை அடையாளம் தெரிந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "துணியத் தூக்கு." தூக்கினேன். விரலால் தழும்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தீர்கள். திருப்திதான்.

"வூட்டுக்காரர் வந்திருக்காரா?"

"வெளிய நிக்கிறாரு, சிஸ்டர்."

"நிக்கட்டும்."

அடக்கத்தின்போது பெட்டியையே மறைக்கிற அளவுக்கு ஒரு மலர்வளையம் வந்தது. டாக்டர் அனுப்பியது. அதை நகர்த்தப் போனேன். உங்கள் தங்கை, விடுங்க, அதுவும் வாடிடும் என்றார்.

நேற்று மாலை மகளைப் பார்க்க என் கொழுந்தனார் வந்திருந்தார். சாப்பிடும்போது ஆபரேஷன், காயம் என்று பேச்சு போயிற்று. கணவர் பழைய கதையைத் தொடங்கினார். அந்த சிஸ்டர் தங்கமான மனுஷி என்றார். அப்புறம் சொன்னார்: "நான் அன்னிக்கே டாக்டர் மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அழுக்கு இவ கிட்ட இல்ல சார், உங்க தியேட்டர் தண்ணியில இருக்குன்னு."

பல வருஷமாக இப்படித்தான் சொல்கிறார், சிஸ்டர். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். இப்போது அவருக்கே அது நடந்ததாகத்தான் தோன்றுகிறது. ஒவ்வொருமுறையும் நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருப்பேன். நேற்று கரண்டியை வைத்துவிட்டேன்.

"அத சொன்னது சிஸ்டர். நீங்க இல்ல."

மகள் நிமிர்ந்தாள். "அப்ப அப்பா என்ன சொன்னாரு?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்கிறார் என்பது தெரிந்தது. மகளுக்கு அப்பா என்றால் உயிர். இது அவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்றும் தெரிந்தது. சொன்னேன். அந்த அறையில் அவர் சொன்னபடியே, ஒரு சொல் குறைக்காமல்.

இன்று அவள் அவரிடம் பேசவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் நீங்கள் பேசிய பேச்சு உங்களுடையதாகவே என்னிடம் இருக்கிறது, சிஸ்டர். இனி அதை யார் வாய்க்கும் கொடுக்கமாட்டேன்.